பெயர் பதிந்தால்தான் வீட்டுக் கணினியா?

புதுக் கணினியை முதன்முதல் இயக்கும்போது வின்டோஸ் 11 இரண்டு விடயங்களைக் கேட்கிறது: இணைய இணைப்பு, மைக்ரோசொஃப்ட் கணக்கு. 2021 ஒக்ரோபரில் வெளிவந்தபோது இந்தக் கட்டாயம் வீட்டுப் பதிப்புக்கு மட்டும்தான் இருந்தது. 2022 இல் தனிப்பட்ட பாவனைக்கான புரோ பதிப்புக்கும் வந்தது. கட்டளை ஒன்றைத் தட்டி இதைத் தாண்டும் குறுக்குவழிகள் கணினிக் கடைப் பெடியளுக்கு அத்துப்படி. அவற்றையும் அடைக்கும் வேலையை நிறுவனம் 2025 இல் சோதனைப் பதிப்புகளில் தொடங்கிவிட்டது. பழைய வின்டோஸ் 10 உடன் இருந்துவிடலாம் என்றால், அதற்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தது. மேலும் ஒரு வருடம் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் வேண்டுமா? அதற்கும் அதே கணக்கு.

இந்த ஏற்பாட்டில் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதுவும் வன்னியில் இருந்துகொண்டு சொல்லவே முடியாது. முல்லைத்தீவு – கொக்கிளாய் வீதியில் நாயாற்றைச் சுற்றியுள்ள ஊர்களைப் பாருங்கள். 1984 இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் ஊரைவிட்டு எழும்பியது. போர் முடிந்த 2009 இல் முள்ளிவாய்க்கால்வரை இழுபட்டு வந்தவர்கள் கையில் மிஞ்சியது உயிர் மட்டும்தான். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாண அல்பம், இறந்த பிள்ளையின் ஒரேயொரு படம் எல்லாம் போயின. பத்திரங்களின் பிரதி இன்னொரு இடத்தில் இருந்திருந்தால் எத்தனை பேருடைய அலைச்சல் குறைந்திருக்கும் என்பது கச்சேரி வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு 5 ஜிபி இணையச் சேமிப்பிடம் இலவசமாகக் கிடைக்கிறது. உப்புக் காற்றில் மடிக்கணினி செத்துப்போனாலும் படங்கள் பிழைக்கும். வட்டு மறையாக்கப்படுவதால் திருடியவனுக்கு உள்ளே இருப்பது கிடைக்காது.

ஆனால் பெயர் பதிவது என்றால் என்ன என்பதையும் இதே சனம்தான் நன்றாக அறியும். 2009 இல் முகாமில் பதிவு, மீள்குடியேறும்போது பதிவு. 2011 இல் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இராணுவம் வீடு வீடாகக் குடும்பங்களைப் பதிந்தது. உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட்ட பிறகுதான் அதை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு ஒத்துக்கொண்டது. மென்பொருள் நிறுவனமும் இராணுவமும் ஒன்றல்ல. அப்படிச் சொல்வது அரசியலையும் கொச்சைப்படுத்தும், தொழில்நுட்பத்தையும் கொச்சைப்படுத்தும். ஆனாலும் எங்கோ ஒரு பதிவு இருக்கிறது என்றால், அதைக் கேட்டு வாங்க அதிகாரமுள்ள ஒருவரும் இருப்பார். வட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புத் திறப்பு வழமையாக அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது. குவாம் தீவு வழக்கொன்றில் மூன்று மடிக்கணினிகளின் திறப்புகளை மைக்ரோசொஃப்ட் எஃப்.பி.ஐ. இற்குக் கொடுத்த செய்தி 2026 ஜனவரியில் வெளிவந்தது. சட்டப்படியான ஆணைக்குத்தான் கொடுத்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய விபரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஒரு முல்லைத்தீவுப் பெண்ணுக்கு, 1979 முதல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கண்ட நாட்டில், 'சட்டப்படி' என்ற வார்த்தை ஆறுதல் தராது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஓர் ஆளுக்கு ஒரு மின்னஞ்சல், மாறாத ஒரு தொலைபேசி இலக்கம், அறுபடாத இணைய இணைப்பு என்று எண்ணித்தான் இந்த முறை கட்டப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கணினி அப்படியா வருகிறது? கனடாவிலோ லண்டனிலோ உள்ள சித்தப்பா தன் பழைய மடிக்கணினியைக் கொடுத்துவிடுவார். அதில் இருப்பது அவருடைய கணக்கு. அல்லது ரவுணில் உள்ள கடைக்காரர் தன் சிம்மைப் போட்டுப் புதுக் கணக்கொன்று திறந்து தருவார். கடவுச்சொல் அவருடைய கொப்பியில் கிடக்கும். அம்மா கடன் கணக்கு எழுதுவதும், மகள் உயர்தரப் பாடம் படிப்பதும், தம்பி விளையாடுவதும் அந்த ஒரே கணினியில். ஒருநாள் மதர்போட் மாற்றியதும் கணினி அந்த 48 இலக்கத் திறப்பைக் கேட்கும். கடை மூடப்பட்டிருக்கும், சிம் செயலிழந்திருக்கும். இரண்டு வருடம் உள்நுழையாத கணக்கை மூடிவிட நிறுவனத்தின் விதியில் இடமும் உண்டு. திருடனைத் தடுக்கப் பூட்டியது, கடைசியில் வீட்டுக்காரரை வெளியே நிறுத்துகிறது. இதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

விளம்பர அடையாள எண், அணைக்கவே முடியாத கண்டறிதல் தரவு என்று வேறு குறைகளும் உண்டு. அவை பலரும் எழுதியவை.

கணக்கு இல்லாமல் கணினி ஓடாதா என்றால், நன்றாக ஓடும். அப்பிளின் மக் கணினியில் கணக்குப் படியைத் தவிர்த்துவிட்டுப் போகலாம். லினக்ஸ் உங்கள் மின்னஞ்சலைக் கேட்பதே இல்லை. வின்டோஸிலும், நிறுவி முடித்த பிறகு அமைப்புகளுக்குள் போய், கணினிக்குள் மட்டும் இருக்கும் உள்ளகக் கணக்குக்கு மாற நிறுவனமே வழி வைத்திருக்கிறது. முடிந்த பிறகு தேவையில்லாத ஒன்று தொடக்கத்தில் மட்டும் எப்படி அவசியமாகும்? இது தொழில்நுட்பத் தேவை அல்ல, வியாபாரத் தேவை. சேவை நல்லதென்றால் சனம் தானாகவே சேரும். 'வேண்டாம்' என்ற பொத்தானை ஒளித்துவைப்பவர் தன் சேவையில் தானே நம்பிக்கை வைக்கவில்லை.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கத்துக்குத் தேவையான அளவு தரவைத்தான் எடுக்கலாம் என்கிறது. இங்குள்ளோருக்குச் சேவை வழங்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் அதன் முக்கிய பிரிவுகள் அமுலுக்கு வரவேண்டிய 2025 மார்ச் 18 என்ற திகதி தள்ளிவைக்கப்பட்டது. கொழும்பு விழிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கணினி வாங்கும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலில், உங்கள் சொந்த இலக்கத்தில், உங்கள் கண்முன்னே கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். 48 இலக்கத்தைத் தாளில் எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். அதன் பிறகு மைக்ரோசொஃப்ட் கணக்கு வேண்டுமா, உள்ளகக் கணக்குக்கு மாறுவதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். அதைக் கடைக்காரர் கையில் விடாதீர்கள்.