டாக்டர் கேட்காத கேள்வி

நாற்பது தாண்டிய ஆண்கள் டாக்டரிடம் போவதே அபூர்வம். நீங்களும் மனைவி விரட்டியதால் இருமலுக்குத்தான் போயிருப்பீர்கள். மூன்று நிமிஷம், மூன்று மாத்திரை, 'அடுத்து யாரு?'. எழுந்தபோது ஒரு கணம் தயங்கினீர்களே, அதை அவர் கவனித்தாரா?

கேட்க நினைத்தது வேறு. படுக்கையறைச் சமாசாரம். டாக்டருக்கும் கூச்சம், உங்களுக்கும் கூச்சம். விளைவு, மாதாமாதம் லாட்ஜில் ரூம் போடும் வைத்தியரிடம் லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் அழுகிறீர்கள்.

இது மானப் பிரச்னை மட்டுமில்லை. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் 1-2 மில்லிமீட்டர் அகலம்தான், இதயத்தினுடையது 3-4. சர்க்கரையும் சிகரெட்டும் குழாய்களைக் கெடுக்கும்போது சின்னதுதான் முதலில் மக்கர் பண்ணும். மனக்கவலையாலும் வரலாம், ஆனால் சிலருக்கு இது மாரடைப்புக்குச் சில வருஷம் முன்பே அடிக்கும் மணி. லேகியம் அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறது.

ஃபேமிலி டாக்டர் செய்ய வேண்டியது பெரிசாக ஒன்றுமில்லை. இருமலோடு வந்தவருக்கும் பி.பி., சுகர், கொலஸ்ட்ரால் பார்க்கலாம். கதவைச் சாத்திவிட்டு, 'தாம்பத்யத்தில் ஏதாவது சிரமமா?' என்று கேட்கலாம்.

கேட்கவில்லையா? நீங்களே சொல்லிவிடுங்கள். கூச்சத்தால் யாரும் சாவதில்லை, மறைப்பதால் சாகலாம்.