வரும் பருவத்துக் கச்சேரிகளும் மலைநாட்டுச் செவியும்

ஐப்பசி மாதத்தின் கடைசி நாட்களில் கல்பாத்தித் தேர்த் திருவிழாவை ஒட்டிப் பாலக்காட்டு அக்கிரகார வீதியிலே சங்கீத உற்சவம் தொடங்கிவிட்டால், அதற்குப் பின் தென்னாட்டு ரசிகர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாத காலம் ஓய்வென்பதே இல்லை. கார்த்திகையில் குருவாயூர் ஏகாதசியை முடிவாகக் கொண்டு நடைபெறும் செம்பை சங்கீதோற்சவம், மார்கழியில் சென்னைச் சபைகளின் கச்சேரிகள், ஜனவரி 6 முதல் 12 வரை திருவனந்தபுரம் குதிரைமாளிகையில் சுவாதித் திருநாள் மகாராஜாவின் கிருதிகளுக்கென்றே நடத்தப்படும் விழா, தையை ஒட்டித் திருவையாற்று ஆராதனை, பிப்ரவரி, மார்ச் வாக்கில் செம்பை கிராமத்துப் பார்த்தசாரதி கோயிலின் ஏகாதசி உற்சவம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஏப்ரல் 30ஆம் தேதி உலகெங்கும் கொண்டாடப்படும் சர்வதேச ஜாஸ் தினத்தில் இந்தப் பருவம் நிறைவெய்துகிறது. யுனெஸ்கோ 2011இல் அறிவித்த அந்த ஜாஸ் தினத்தை நம் உற்சவங்களின் வரிசையில் சேர்ப்பது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வாறு சேர்ப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்பதே இந்த அலசலின் துணிபு.

கொச்சியிலிருந்து மூணாறு வழியாகப் போடிமெட்டைக் கடந்து தனுஷ்கோடி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் பக்கத்திலே, தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே அமைந்திருக்கும் நமது சின்னக்கானலுக்கு, குருவாயூரும் பாலக்காடும் மேற்கே இறங்கிப் போகவேண்டிய தூரத்திலும், மதுரை கிழக்கே இறங்கிப் போகவேண்டிய தூரத்திலும் இருக்கின்றன. பெரிய கச்சேரிகளைக் கேட்க விரும்புகிற மலைநாட்டுத் தமிழர் எந்தத் திசையில் இறங்கினாலும், எதைக் கேட்கப் போகிறோம், எப்படிக் கேட்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே தெளிந்துகொண்டு இறங்குவது நலம்.

பாலக்காட்டுக் கரங்கள்

இந்தப் பருவத்தின் முதல் அரங்கு பாலக்காடு என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம். செம்பை வைத்தியநாத பாகவதரும், பாலக்காடு மணி ஐயரும், எம். டி. ராமநாதனும், கே. வி. நாராயணஸ்வாமியும் அந்த ஒரே மாவட்டத்தின் மண்ணோடு சம்பந்தப்பட்டவர்கள் என்பது தற்செயலான சிறப்பன்று. அக்கிரகாரங்களிலே பஜனை சம்பிரதாயமும், கோயில் முற்றங்களிலே செண்டையும் திமிலையும் முழங்கும் தாயம்பகை, பஞ்சவாத்தியம் முதலிய கலைகளும் பக்கத்துப் பக்கத்திலே வாழ்ந்து வந்தமையால், அங்கே பிறந்த குழந்தைகளுக்குப் பாட்டும் தாளமும் ஒருங்கே செவியில் விழுந்தன.

1912இல் பிறந்த மணி ஐயர், கல்பாத்தியை அடுத்த சாத்தபுரத்தைச் சேர்ந்த சுப்பையரிடமும், பிற்பாடு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடமும் மிருதங்கம் பயின்று, பாடகருக்குத் தாளம் காட்டும் பக்கவாத்தியமாக இருந்த அந்தக் கருவியைப் பாட்டின் ஒவ்வொரு சங்கதிக்கும் கூடவே சிந்திக்கும் துணையாக உயர்த்தினார். இளம்பருவத்து மணியைச் சென்னை ரசிகர்களுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தி, அவருடைய வாசிப்புக்குத் தாமே இடங்கொடுத்து மகிழ்ந்தவர் செம்பை. 1965ஆம் ஆண்டில் எடின்பரோ விழாவுக்கு லால்குடி ஜெயராமன், கே. வி. நாராயணஸ்வாமி ஆகியோரோடு மணி ஐயரும் சென்று வாசித்தபோது, நமது லயத்தின் நுட்பம் ஐரோப்பியப் பெருமேடை ஒன்றிலும் மதிப்பைப் பெற்றது.

ஆகவே கல்பாத்தியிலும் குருவாயூரிலும் இந்த ஆண்டு கச்சேரி கேட்கச் செல்வோர், ராகத்தை அடையாளம் கண்டுகொள்வதோடு திருப்தி அடைந்துவிடாமல், மிருதங்கம் பாட்டுக்கு எங்கே இடம் விட்டுக் கொடுக்கிறது, எங்கே அடங்குகிறது, பல்லவிக்குத் திரும்பும் வேளையில் எத்தகைய தீர்மானத்தை வைக்கிறது என்பவற்றையும் கவனிக்கவேண்டும். கச்சேரியின் தரத்தை அளப்பதற்கு இதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை.

ஜாஸும் நம்மவர் லயமும்

இந்த லய வழியாகத்தான் ஜாஸ் நமக்கு உறவாகிறது. ஜாஸ் கச்சேரியின் அமைப்பைச் சற்றே ஆராய்ந்தால், முதலில் குழுவினர் அனைவரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள்; பின்னர் அந்த மெட்டின் கால அளவையும் சுரக்கோவைகளின் வரிசையையும் மாற்றாமல், ஒவ்வொருவராகத் தம் கற்பனையைக் காட்டுவார்கள்; அதன்பின் ஒருவரும் டிரம்ஸ் கலைஞரும் நான்கு நான்கு அளவைகளாக மாறி மாறி வாசித்து, இறுதியில் எல்லோரும் பழைய மெட்டுக்குத் திரும்புவார்கள். நிரவலிலும் கற்பனாஸ்வரத்திலும் எடுப்புக்குத் திரும்புகிற ஆனந்தத்தையும், தனி ஆவர்த்தனத்திலே மிருதங்கமும் கடமும் பகிர்ந்துகொண்டு படிப்படியாகக் குறைத்து வந்து கோர்வையில் ஒன்றுசேர்கிற விறுவிறுப்பையும் அனுபவித்தறிந்த செவிக்கு, இந்த அமைப்பு அந்நியமாக இருக்க நியாயமில்லை. நம் கற்பனை ராகத்தின் எல்லைக்குள் ஆழ்ந்து செல்வது; அவர்களுடைய கற்பனை மாறிக்கொண்டே செல்லும் சுரக்கோவைகளைத் தொடர்ந்து செல்வது. வேற்றுமை பெரிதுதான். எனினும் எழுதிவைக்காததை மேடையில் அந்த க்ஷணத்திலே படைக்கும் மனோதர்மம் இரண்டுக்கும் உயிர்நிலை.

அமெரிக்க ஜாஸ் மேதை டேவ் புரூபெக் 1958ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் தம் குழுவோடு சென்னைக்கு வந்தபோது, மான்பூண்டியா பிள்ளையின் புதுக்கோட்டை வழியில் வந்த மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். இரு நாட்டுத் தாளக் கலைஞர்களும் சேர்ந்து வாசித்தார்கள். அதே பயணத்தில் துருக்கியில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தை நினைவில் வைத்து அவர் அமைத்த உருப்படியும், அவருடைய குழுவைச் சேர்ந்த பால் டெஸ்மண்ட் ஐந்து எண்ணிக்கையில் இயற்றிய 'டேக் ஃபைவ்' என்பதும் அடுத்த ஆண்டிலேயே வெளியான இசைத்தட்டில் இடம்பெற்று உலகப் புகழ் எய்தின. நான்கு எண்ணிக்கையிலே பழகிப்போயிருந்த மேல்நாட்டு ரசிகர்கள் அந்த ஐந்தைக் கேட்டு வியந்தார்கள். கண்டசாபுவில் கீர்த்தனம் கேட்டு வளர்ந்த நமக்கோ, மூன்றும் இரண்டுமாக விழுகின்ற அந்த ஐந்து முதல் ஆவர்த்தனத்திலேயே கைக்கு வந்துவிடும். ஜாஸை முதன்முதலாகக் கேட்க விரும்புகிற தமிழ் ரசிகருக்கு அந்த உருப்படியையே முதலில் சிபாரிசு செய்கிறேன்.

சேர்ந்து வாசிப்பதில் வெற்றியும் தோல்வியும்

இரு சங்கீதங்களும் ஒரே மேடையில் கூடிய முயற்சிகளைச் சீர்தூக்கிப் பார்த்தால், வெற்றிக்கும் தோல்விக்கும் காரணம் விளங்குகிறது. கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் டி. எச். விநாயக்ராம் ஆகியோர் கூடிய 'சக்தி' குழு 1970களில் பெற்ற வெற்றி, இரைச்சலால் கிடைத்ததன்று. மெக்லாலின் நமது சங்கீதத்தை ஆசிரியரிடம் அமர்ந்து முறையாகப் பயின்றதோடு, கமகம் பேசுவதற்கு ஏதுவாகக் கிதாரின் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழித்தும், அநுநாதத் தந்திகள் பூட்டியும் அந்தக் கருவியையே மாற்றிக்கொண்டார். பல்லாண்டுகளுக்குப் பிறகு அக்குழு மீண்டும் கூடி, சங்கர் மகாதேவனும் செல்வகணேஷும் கணேஷ் ராஜகோபாலனும் பங்குகொண்டு வெளியிட்ட இசைத்தொகுப்பு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தது இந்தத் துறைக்கு நேர்ந்த பெரும் நஷ்டம்.

பாலக்காட்டுக்கும் ஜாஸுக்கும் இன்னொரு பரம்பரைத் தொடர்பும் உண்டு. செம்பையின் சீடர் டி. வி. கோபாலகிருஷ்ணன், அவரிடம் பயிற்சி பெற்றவர் கத்ரி கோபால்நாத். நாகஸ்வர வித்வானின் மகனாகப் பிறந்து, மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியக் குழுவில் கேட்ட சாக்ஸபோனின் மீது காதல் கொண்டு, மேல்நாட்டுக்கே உரியதெனக் கருதப்பட்ட அந்தக் கருவியில் கர்நாடக கமகங்களை வரவழைப்பதற்குப் பல ஆண்டுகள் தவமிருந்த கத்ரி, 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டியோடு சேர்ந்து வாசித்துப் பாராட்டுப் பெற்றார். 2008இல் ருத்ரேஷ் மஹந்தப்பா என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரோடும், வயலின் ஏ. கன்னியாகுமரியோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட 'கின்ஸ்மென்' என்னும் தொகுப்பைக் கேட்போர், ஒரே கருவி இரண்டு சம்பிரதாயங்களில் எவ்வாறு பேசுகிறது என்பதை அருகருகே வைத்து உணரலாம். கத்ரி 2019இல் காலமானார். அவர் வகுத்த பாதை திறந்தே இருக்கிறது.

இவற்றுக்கு மாறாக, இரு தரப்பாரும் மற்றவரின் சங்கீதத்தைக் கற்காமல், வேகத்தையும் ஒலியளவையும் மட்டும் நம்பி மேடையேறுகிற கச்சேரிகளில் ராகமும் மிஞ்சுவதில்லை, ஜாஸும் மிஞ்சுவதில்லை. ஒலிபெருக்கியே வேண்டாம் என்று மணி ஐயர் வாதாடியது பிடிவாதமன்று. மிருதங்கத்தின் வலந்தலை நாதமும் தொப்பியின் கும்காரமும் இயற்கையான அளவில் கேட்டால்தான் அவற்றின் பேதம் புலப்படும் என்ற அநுபவ ஞானம் அது. இந்த ஆண்டுச் சபைகளுக்கு இரண்டு வேண்டுகோள்கள் விடுக்கத் தோன்றுகிறது: ஒலிபெருக்கியின் அளவைக் குறையுங்கள், தனி ஆவர்த்தனத்துக்குக் காலத்தைக் கூட்டுங்கள். ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தனி தொடங்கியதும் எழுந்து வெளியே செல்லாதீர்கள்.

மலைமேல் ஒரு சபை

மனோதர்ம சங்கீதத்தில் வித்வானுடைய பங்கு எவ்வளவோ, கேட்பவர்களுடைய பங்கும் அவ்வளவு. அத்தகைய கேள்விச் செல்வத்தை உண்டாக்கியவை ரசிகர்கள் கூடி அமைத்த சங்கங்களே. சென்னையில் 1927இல் நடந்த காங்கிரஸ் மகாசபையை ஒட்டிக் கூடிய சங்கீத மகாநாட்டின் விளைவாக மறு ஆண்டில் சங்கீத வித்வத் சபை எழுந்தது. பம்பாயில் நிரஞ்சன் ஜவேரி முதலிய ஆர்வலர்கள் கூடி 1978இல் தொடங்கிய ஜாஸ் யாத்திரை விழா, சன்னி ராலின்ஸ் போன்ற பெருங்கலைஞர்களை இந்திய ரசிகர்களின் முன் அமர்த்தியது. செம்பை கிராமமோ நகரமே அன்று. ஒரு குடும்பத்தின் பக்தியும் ஊராரின் ஒத்துழைப்பும் சேர்ந்து, பெரும் வித்வான்களை ஆண்டுதோறும் அந்தச் சிற்றூருக்கு வரவழைத்து வருகின்றன. குருவாயூரிலோ புகழ்பெற்றவர்களின் கச்சேரிகளுக்கு நடுவே, ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கும் சில நிமிஷங்களாவது மேடை கிடைக்கிறது.

சின்னக்கானலிலும், சூரியநெல்லியிலும், இந்த மலையின் இதர தோட்டங்களிலும் இத்தகைய சங்கம் ஒன்று அமைவதற்குச் சங்கீத மூலதனம் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் நாகஸ்வரமும் தவிலும், போடி, தேனி வட்டாரத்திலிருந்து மலையேறி வரும் நையாண்டி மேளமும், வாழ்விலும் சாவிலும் உடன்வரும் பறையும், தேவாலயப் பாடகர் குழுக்களில் கிதாரும் கீபோர்டும், முதுவர் குடிகளின் பாட்டும் இந்த மலையில் நாம் அன்றாடம் கேட்டு வருபவை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலே அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்கள், பரஸ்பர உதவிச் சங்கங்கள் அமைத்து, தம்மவர் இறந்தபோது இடுகாடு வரை சோக கீதமும், திரும்பும்போது துள்ளும் தாளமுமாகப் பித்தளை வாத்தியங்கள் முழங்க நடந்த ஊர்வலங்களும் ஜாஸ் பிறந்த இடங்களுள் ஒன்று. உழைப்பாளிகளின் வீதியிலிருந்து எழுந்த அந்த மகத்தான சங்கீதத்தைப் பறையொலியோடு இறுதி ஊர்வலம் செல்லும் தோட்டத் தொழிலாளர் சமூகம் புரிந்துகொள்வதற்கு எந்த முன்னுரையும் வேண்டியதில்லை.

ஆதலால் இந்தப் பருவத்திலேயே முதல் அடி எடுத்துவைப்போம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலோ தேவாலயக் கூடத்திலோ முப்பது பேர் கூடி, மணி ஐயரின் வாசிப்பு ஒன்றையும் புரூபெக்கின் உருப்படி ஒன்றையும் தொடர்ந்து கேட்டு, கையால் தாளம் போட்டுப் பார்த்து, கேட்டதைப் பற்றிப் பேசட்டும். சிறு சந்தா சேரச்சேர, போடியிலிருந்து ஒரு தவில் வித்வானையும், பாலக்காட்டிலிருந்து ஓர் இளம் மிருதங்கக் கலைஞரையும் உரிய சன்மானத்தோடு அழைக்கலாம். ஏப்ரல் 30 அன்று, நம் தேவாலயத்துக் கிதார் இளைஞர்களும், கோயில் மேளக்காரர்களும், பறையடிக்கும் கலைஞர்களும் சம மரியாதையோடு ஒரே மேடையில் அமர்ந்து, ஐந்து எண்ணிக்கையில் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு மாறி மாறி வாசிக்கட்டும். முதல் ஆண்டில் பிழைகள் நேரும். மூன்றாம் ஆண்டில் பிழையை உடனே கண்டுகொள்ளும் ரசிகர் கூட்டம் ஒன்று இந்த மலையில் உருவாகிவிடும். அந்தக் கூட்டம் உருவான பிறகு, நல்ல வித்வான்களைத் தேடிக்கொண்டு நாம் இரு திசைகளிலும் இறங்கிப் போகவேண்டியதில்லை. அவர்களே இங்கு வந்து வாசிக்க விரும்புவார்கள்.