சிறார் படைவீரரும் பெற்றோர் தொடுத்த வழக்குகளும்

பெற்றோர் தடுத்தும் போருக்குப் புறப்பட்ட பதின்வயதினரைப் பற்றிய எழுத்துகள் நெடுங்காலம் அவர்களை வீரச் சிறுவர்களாகப் போற்றுவதிலோ, ஏமாற்றப்பட்ட பேதைகளாக எண்ணி இரங்குவதிலோ நின்றுவிட்டன; பிள்ளையைத் திருப்பித் தரும்படி அரசோடு மல்லுக்கு நின்ற தாய்தந்தையரின் தரப்பு ஆய்வின் மையத்துக்கு வந்தது அண்மையில்தான்.

முதல் உலகப் போர்க்காலப் பிரிட்டனைப் பற்றி ரிச்சர்ட் வான் எம்டன் 2005இல் வெளியிட்ட ‘பாய் சோல்ஜர்ஸ் ஆஃப் தி கிரேட் வார்’ என்னும் நூல் இத்துறையில் பரவலாக அறியப்பட்டது. படையில் சேர 18, கடல்கடந்து போரிட 19 என்று வயது வரம்பு இருந்தும், ஏறத்தாழ 2,50,000 சிறுவர்கள் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்ததாக அவர் மதிப்பிடுகிறார். பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. உயரமும் மார்பளவும் தேறினால் போதுமானதாக இருந்தது. ஆள் சேர்த்தவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கிடைத்ததால், துருவிக் கேட்காமலிருப்பதே அவருக்கு ஆதாயம். வீட்டார் தேடி வந்துவிடக் கூடாதென்று பொய்ப்பெயர் கொடுத்தவர்களும் உண்டு. 1915 ஆகஸ்டில் சேர்ந்த சிட்னி லூயிசுக்கு அப்போது வயது 12. மறு ஆண்டு சோம் போர்முனையில் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் இருந்த அவனை, தாய் பிறப்புச் சான்றிதழைப் போர்த்துறைக்கு அனுப்பி மீட்டார்; அவனோ 1918இல் மீண்டும் படையில் சேர்ந்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரை ஆராய்ந்த பிரான்சஸ் கிளார்க், ரெபெக்கா ஜோ பிளாண்ட் ஆகிய இருவரும் 2023இல் வெளியிட்ட ‘ஆஃப் ஏஜ்’ என்னும் நூலில் இச்சிக்கலின் சட்ட வேரைத் தோண்டுகின்றனர். உரிய வயது வராத மகனின் உழைப்பும் ஊதியமும் தந்தைக்கே உரியவை என்பது அக்காலச் சட்டமாதலால், மகன் ஒப்புதலின்றிப் படையில் சேர்ந்தது பாசத்தை மட்டுமன்றிக் குடும்ப வருவாயையும் பாதித்தது. எனவே பெற்றோர் ஆட்கொணர்வு மனுவோடு, அதாவது சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனுவோடு, மாநில நீதிமன்றங்களை நாடினர். அரசு விட்டுக்கொடுக்கவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்கக் கூடாதென்று விதித்த 1862ஆம் ஆண்டுச் சட்டமே, சேர்பவன் தன் வயது குறித்துச் செய்யும் சத்தியம் முடிவானது என்றும் சொல்லிற்று. பையனின் பொய்யைச் சட்டமே மெய்யாக்கிய விந்தை இது. போர் முடிந்த பின்னும் இழுபறி ஓயவில்லை: 18 நிரம்பாமலே, தந்தை அறியாமல், வேறு பெயரில் சேர்ந்த எட்வர்ட் டார்பிளை விஸ்கான்சின் மாநில நீதித்துறை விடுவித்தது; ஆனால் கூட்டாட்சிப் படையில் இருப்பவரை விடுவிக்க மாநில நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்று 1872இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

இவ்விரு நூல்களுள் பின்னதே ஆழமானது. ஆனால் மனுக்களில் கேட்பது வழக்கறிஞர் மொழியில் வார்க்கப்பட்ட பெற்றோரின் குரல் என்பதால், பையன் ஏன் போனான் என்பதற்கு வான் எம்டன் திரட்டிய முதிய வீரர்களின் நினைவுகூரல்களையே நாட வேண்டியிருக்கிறது. பெற்றோரின் ஒப்புதல் என்னும் சிக்கல் பழங்கதையாகிவிடவும் இல்லை: பிரிட்டன் இன்றும் 16 வயதினரைப் படையில் சேர்க்கிறது. 18 நிரம்பும் வரை பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம்.