திகில் நாவல்கள்: மறு வாய்ப்பு எதற்கு?

ஓடிடி தளங்கள் திகில் நாவல்களைத் தேடி அலைகின்றன. நெட்ஃபிளிக்ஸுக்காக மைக் ஃபிளனகன் எடுத்த 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' 2018-ல் பெற்ற வரவேற்புக்குப் பிறகு இந்தத் தேடல் வேகம் பிடித்தது. ஆனால் தேர்வு நடக்கிற விதம் சரியில்லை. பெயர் பெற்ற புத்தகங்களையே திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். ஸ்டீபன் கிங்கின் 'சேலம்ஸ் லாட்' மூன்று முறை வந்துவிட்டது, 'பெட் செமட்டரி' இரண்டு முறை வந்துவிட்டது, டிராகுலாவுக்குக் கணக்கே இல்லை. நல்ல படமாக ஒருமுறை அமைந்துவிட்ட நாவலை அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் அடைக்கப்பட்டதாலேயே தோற்றுப்போன நாவலைத்தான் மறுபடி எடுக்க வேண்டும். ஐந்து நாள் ஆட்டத்துக்கென்றே வளர்ந்த மட்டையாளரை இருபது ஓவர் போட்டியில் இறக்கிவிட்டு, அவர் தடுமாறியதும் அணியைவிட்டே நீக்குவது எவ்வளவு தவறோ அவ்வளவு தவறு, சில அருமையான நாவல்களை ஒரேயொரு சுமாரான படத்தோடு மறந்துவிட்டது.

'சேலம்ஸ் லாட்' நாவலையே சான்றாக எடுத்துக்கொள்வோம். 1975-ல் வெளியானது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு ரத்தக்காட்டேரி குடிவருகிறது, ஊர் இரவுக்கு இரவு காலியாகிறது. இந்த நாவலில் காட்டேரி நேரில் தோன்றும் பக்கங்கள் குறைவு. பள்ளி ஆசிரியர், வம்பு பேசும் பெண்கள், நம்பிக்கை தளர்ந்த பாதிரியார் என்று ஊராரோடு நம்மை நன்றாகப் பழகவிட்டு, அதன் பிறகே கிங் அவர்களை ஒவ்வொருவராகப் பறித்துக்கொள்கிறார். 1979-ல் டோபி ஹூப்பர் இதைத் தொலைக்காட்சிக்காக இரண்டு பாகங்களாக எடுத்தார். இறந்துபோன சிறுவன் இரவில் மிதந்துவந்து ஜன்னல் கண்ணாடியைச் சுரண்டும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் வந்த வலிமை அது. 2024-ல் கேரி டாபர்மன் எடுத்த படமோ நேராக மேக்ஸ் தளத்துக்கு வந்தது, ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. செத்தவர் யார் என்று புரிவதற்குள் அடுத்தவரும் செத்துவிடுகிறார். ஊரே காலியான பிறகும் நம் மனதில் எதுவும் காலியாகவில்லை. வெளியான இடம் ஓடிடி என்றாலும், ஓடிடி தரும் நீளத்தை அந்தப் படம் தொடவே இல்லை.

இதற்கு நேர்மாறான சான்றும் இருக்கிறது. டான் சிம்மன்ஸ் 2007-ல் எழுதிய 'தி டெரர்' நாவலை ஏஎம்சி நிறுவனம் 2018-ல் பத்து எபிசோடுகளாக எடுத்தது. 1845-ல் ஆர்க்டிக் கடல்வழி தேடிச் சென்ற ஃபிராங்க்ளினின் இரண்டு கப்பல்களும் பனியில் சிக்கி, அவற்றில் இருந்த 129 பேரும் மாண்டது வரலாறு. அதற்குள் ஒரு கொடிய விலங்கைச் சேர்த்தார் சிம்மன்ஸ். இரண்டு மணி நேரப் படமாக எடுத்திருந்தால் விலங்கு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பத்து எபிசோடுகள் கிடைத்ததால் கெட்டுப்போன டப்பா உணவும், ஈறுகளில் கசியும் ரத்தமும், அதிகாரிக்கும் மாலுமிக்கும் இடையே மெல்ல அறுபடும் கட்டுப்பாடும் விலங்கைவிட அதிகமாகப் பயமுறுத்தின. பலருடைய பயம், நீண்ட காலம், மெதுவாக இறுகும் பிடி ஆகிய மூன்றும் எந்த நாவலில் சேர்ந்திருக்கின்றனவோ அதுவே தொடருக்கு ஏற்றது.

இந்த அளவுகோலில் முதலில் நிற்பது பீட்டர் ஸ்ட்ராப் 1979-ல் எழுதிய 'கோஸ்ட் ஸ்டோரி'. நியூயார்க் மாநிலத்தில் மில்பர்ன் என்ற கற்பனை ஊர். வக்கீல், மருத்துவர் என்று மதிப்போடு வாழ்ந்த நான்கு முதியவர்கள் மாலை உடையணிந்து கூடி, ஒருவருக்கொருவர் பேய்க்கதை சொல்லிக்கொள்கிறார்கள். முன்பு ஐவராக இருந்தவர்கள் இவர்கள். ஐந்தாமவர் ஒரு விருந்தில் இறந்துபோனதிலிருந்து எல்லோருக்கும் கெட்ட கனவுகள் வருகின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன், இளைஞர்களாக இருந்தபோது, ஈவா கல்லி என்ற பெண் விஷயத்தில் நடந்த ஒன்றை அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் திரும்பி வருகிறாள். ஆல்மா மோப்லி, ஆன்னா மோஸ்டின் என்று பெயரையும் உருவத்தையும் மாற்றிக்கொண்டு வருகிறாள். பனி பெய்து சாலைகள் அடைபட, நால்வருடைய பழைய ரகசியத்துக்கு ஊர் முழுவதும் விலை கொடுக்கிறது.

இதை 1981-ல் ஜான் இர்வின் படமாக்கினார். ஃபிரெட் அஸ்டேர், மெல்வின் டக்ளஸ், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியர், ஜான் ஹவுஸ்மன் என்று பழைய ஹாலிவுட்டின் நான்கு பெரும் பெயர்கள் அதில் நடித்தார்கள். நடிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் 110 நிமிடங்களில் நாவலின் முதுகெலும்பே முறிந்துவிட்டது. முதியவர்களில் ஒருவரான லூயிஸ் பெனடிக்ட் படத்தில் இல்லை. நாவலின் பிற்பகுதியைத் தாங்கும் பீட்டர் பார்ன்ஸ் என்ற இளைஞனும் இல்லை. மில்பர்ன் வெறும் பனிப் பின்னணியாகச் சுருங்கிவிட்டது. இவற்றைவிடப் பெரிய இழப்பு ஈவா. நாவலில் அவள் மனிதப் பிறவியே அல்ல. தலைமுறை தலைமுறையாக உருமாறி வாழ்ந்து, மனிதர்களின் பலவீனத்தோடு விளையாடும் ஒரு பழம்பிறவி. படத்தில் அவள் தண்ணீரில் மூழ்கடிக்கப்பட்டு, பழிவாங்க வரும் ஆவி. இந்த மாற்றம் நேரப் பற்றாக்குறையால் வந்தது என்றே நினைக்கிறேன். பழிவாங்கும் ஆவியை ஒரேயொரு பிளாஷ்பேக்கில் விளக்கிவிடலாம். ஐம்பது ஆண்டுகளில் பல பெயர்களில் வந்துபோகும் ஒருத்தியை அவள் சந்தித்த ஒவ்வொருவர் வழியாகவும்தான் காட்ட முடியும். கலிபோர்னியாவில் ஆல்மாவிடம் டான் வாண்டர்லி என்பவர் மனதைப் பறிகொடுக்கும் பகுதி தனி எபிசோடு கேட்கிறது. ஏழைக் கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது கண்டதை முதியவர்களில் ஒருவரான சியர்ஸ் ஜேம்ஸ் சொல்லும் கதைக்கும் அதே தகுதி உண்டு. எழுபது வயதைக் கடந்த நடிகர்களுக்கு நான்கு முழுமையான பாத்திரங்கள் தரும் திகில் கதைகள் வேறு எத்தனை இருக்கின்றன? 2022-ல் மறைந்த ஸ்ட்ராப்புக்கு எட்டு எபிசோடுகளைவிடப் பொருத்தமான அஞ்சலி கிடையாது.

அடுத்தது ஜப்பானின் கோஜி சுஸுகி. 'ரிங்' நாவல் 1991-ல் வந்தது. 1998-ல் ஹிடியோ நகாட்டா எடுத்த படம் உலகையே நடுங்கவைத்தது. நல்ல படமாக அமைந்ததை விட்டுவிட வேண்டும் என்பது என் விதி, ஆகவே 'ரிங்'கை யாரும் தொட வேண்டாம். எடுக்க வேண்டியது அதன் தொடர்ச்சியை. இரண்டாம் நாவலான 'ஸ்பைரல்' 1995-ல் வெளியானது. மகனைக் கடலில் பறிகொடுத்த ஒரு மருத்துவர், தன் பழைய நண்பனின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்யும்போது, 'ரிங்'கில் பார்ப்பவரைக் கொல்லும் அந்த வீடியோ சாபம் ஒரு வைரஸைப் போல உடலுக்குள் வேலை செய்வதைக் காண்கிறார். இதன் படம் 'ரிங்' வெளியான அதே நாளில் திரைக்கு வந்து, கண்டுகொள்ளப்படாமல் போனது. தயாரிப்பாளர்கள் அதை நடக்காதது போல ஒதுக்கிவிட்டு, 1999-ல் வேறொரு கதையோடு 'ரிங் 2' எடுத்தார்கள். அதே ஆண்டு ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த தொடர்கள் நாவலைவிட்டு வெகுதூரம் விலகிப்போயின. முதல் இரண்டு புத்தகங்களின் உலகத்தையே தலைகீழாகப் புரட்டும் மூன்றாம் நாவல் 'லூப்' திரைக்கு வரவே இல்லை.

தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து சடாகோ என்ற ஆவி ஊர்ந்து வராத கதையை யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். அந்தக் காட்சி நாவலில் கிடையாது, படத்துக்காகச் சேர்க்கப்பட்டது. அபாரமான சேர்க்கை. ஆனால் பின்னால் வந்த பல படங்களும் அதையே திரும்பச் செய்து அதன் பல்லைப் பிடுங்கிவிட்டன. சுஸுகியின் மூலக் கருத்தோ இப்போதுதான் கூர்மை பெற்றிருக்கிறது. தான் பிழைக்க வேண்டுமானால் சாபத்தை நகலெடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் கெட்டவர் இல்லை, பிள்ளையைக் காப்பாற்றத் துடிக்கும் பெற்றோராகக்கூட இருக்கலாம். 1998-ல் இது விசித்திரமான கற்பனை. 2020-ல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்குத் தொற்று, நகல், அறிகுறி தெரியாமல் பரவும் நாட்கள் எல்லாம் சொந்த அனுபவம். இந்த நாவல்களுக்குப் பார்வையாளர்கள் இப்போதுதான் தயாராகியிருக்கிறார்கள்.

எஃப். பால் வில்சனின் 'தி கீப்' நாவலையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். 1941-ல் ருமேனிய மலைக்கணவாயில் உள்ள ஒரு கோட்டையில் தங்கும் ஜெர்மானியப் படையினர் இரவுக்கு ஒருவராகச் சாகிறார்கள். காரணம் கண்டுபிடிக்க, நோயுற்ற யூதப் பேராசிரியர் ஒருவரை வரவழைக்கிறார்கள். நாஜிகளை அழிக்கத் தானே உதவுவதாகக் கோட்டையில் உள்ள தீயசக்தி அவரிடம் சொல்கிறது. அவர் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியின் கனத்துக்காகவே நாவலை மறுபடி எடுக்கலாம். மைக்கேல் மேன் 1983-ல் எடுத்த படத்தின் முதல் வடிவம் 210 நிமிடங்கள். நிறுவனம் அதை 96 நிமிடங்களாக வெட்டி வெளியிட்டது. அழகான காட்சிகள் எஞ்சின, கதை எஞ்சவில்லை.

நீளம் கிடைத்தால் மட்டும் போதுமா என்ற எதிர்வாதம் நியாயமானது. கிங்கே திரைக்கதை எழுதி 1997-ல் மூன்று பாகங்களாக வந்த 'தி ஷைனிங்' நாவலை அடியொற்றிச் சென்றது. நாவலைத் தன் விருப்பப்படி மாற்றிய ஸ்டான்லி குப்ரிக்கின் 1980 படத்தின் பக்கத்தில்கூட அதை வைக்க முடியாது. 2020-ல் தொடங்கிய 'தி ஸ்டாண்ட்' தொடருக்கு ஒன்பது எபிசோடுகள் கிடைத்தன. ஆனால் கொள்ளைநோய் உலகைக் காலி செய்த பிறகு கதையைத் தொடங்கி, முன்னும் பின்னும் தாவியதால், முதல் இருமலிலிருந்து ஒரு சமூகம் உடைவதைப் பார்க்கும் பதற்றத்தை அது தானே இழந்தது. எழுத்துக்கு எழுத்து விசுவாசத்தை நான் கேட்கவில்லை. பயம் எந்த ஊற்றிலிருந்து வருகிறதோ அதைத் தூர்த்துவிடக் கூடாது. ஒரே மனதுக்குள் நடக்கும் சிறிய நாவலுக்குப் படமே போதும். ஷர்லி ஜாக்சனின் 'ஹில் ஹவுஸ்' அப்படிப்பட்டது. ராபர்ட் வைஸ் 1963-ல் எடுத்த படம்தான் அந்த நாவலின் ஆகச்சிறந்த திரைவடிவம். ஃபிளனகனின் தொடர் உருக்கமானது என்றாலும், அது பெரும்பாலும் அவர் புதிதாக உருவாக்கிய ஒரு குடும்பத்தின் கதை.

பழைய புத்தகம் எதற்கு, புதுக்கதை எழுதலாமே என்பது இன்னொரு கேள்வி. ஃபிளனகனின் 'மிட்நைட் மாஸ்' சொந்தக் கதைதான், ஏழே எபிசோடுகளில் அருமையாக முடிந்தது. முடிந்தது என்பதே அதன் பலம். ஓடிடி தொடர்களைப் பிடித்த நோய், முடிவு தெரியாமல் தொடங்குவது. அடுத்த சீசனுக்காக மர்மத்தைத் தொங்கவிடுகிறார்கள், பிறகு நிறுவனம் கைவிடுகிறது. 2022-ல் வந்த 'ஆர்கைவ் 81' ஒரே சீசனோடு நின்றது. அதே ஆண்டு, ஸ்வீடிஷ் நாவலான 'லெட் த ரைட் ஒன் இன்' அமெரிக்கத் தொடராக வந்தது. நாவலின் முடிவை நோக்கிப் போகாமல் கதையை வேறு பக்கம் நீட்டிக்கொண்டே போய், அதுவும் ஒரே சீசனில் அறுந்தது. திகில் கதைக்கு முடிவு உயிர்நாடி. எழுதி முடித்த நாவல் அந்த முடிவைக் கையிலேயே வைத்திருக்கிறது.

தமிழ் ரசிகர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' நாவலை, 1990-களின் பிற்பகுதியில் நாகா இயக்கத்தில் 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' என்ற தொடராக வாரந்தோறும் பார்த்தவர்கள் நாம். ஊர், தெய்வம், குற்றம், குடும்பம் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது. என் விதிப்படி அதையும் மறுபடி எடுக்கத் தேவையில்லை. எடுக்க வேண்டியது சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. லீனா என்ற இளம்பெண்ணின் சொத்து விவகாரத்துக்காகப் போகும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் பழைய மாளிகையில் ஒரு பேயுருவத்தை எதிர்கொள்கிறார்கள். ஹாலோகிராம் என்ற விளக்கத்தைக் கையில் கொடுத்தபடியே, சந்தேகத்தை முழுதாகத் தீர்க்காமல் விடுகிறார் சுஜாதா. அந்தத் தொழில்நுட்பம் இன்று பழசு என்பார்கள். இன்றைய பார்வையாளர் அந்த விளக்கத்தை முன்கூட்டியே ஊகித்துவிடுவார் என்பது உண்மை. ஆனால் ஊகித்த பிறகும் விளக்கத்துக்கு அடங்காமல் ஏதோ மிச்சம் நிற்பதுதான் அந்த நாவலின் திகில். ஆறு எபிசோடுகள் போதும். 2019-ல் நயன்தாரா நடித்து 'கொலையுதிர் காலம்' என்றே ஒரு படம் வந்தது, அதில் இருந்தது சுஜாதாவின் கதை இல்லை. இந்த முறை பெயரோடு கதையும் திரைக்கு வரட்டும்.