அச்சுக்கு மேலே, பாரத்துக்குக் கீழே

லாரியை ரசிப்பவர்கள் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் பாடி கட்டி முடிந்து வெளியே வரும் புது வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் குலதெய்வத்தின் பெயரையும், பக்கப் பலகையில் தோகை விரித்திருக்கும் மயிலையும் நின்று பார்த்துப் பாராட்டிவிட்டுப் போகிறவர்கள் அநேகர். ஆனால் அவர்களுடைய ரசனை பெரும்பாலும் சேஸுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே, கிரீஸும் செம்மண்ணும் அப்பிய அரையிருட்டில், பாரத்தைத் தாங்கும் பட்டைகளும் திசையை நிர்ணயிக்கும் தண்டுகளும் கூடி நடத்துகிற காரியம் ஒன்று உண்டு. அதைச் செப்பனிடுகிறவனின் வித்தை, நம் ஊர்ப் பட்டறைத் தொழில்கள் எல்லாவற்றிலும் அதிக சூக்ஷ்மமானது என்பது என் அபிப்பிராயம்.

இந்தத் தொழிலின் சாரம் இறுக்குவதில் இருப்பதாகவே வெளியாருக்குத் தோன்றும். ஆளுயர ஸ்பானரையும் அதன் நுனியில் செருகிய குழாயையும் அதில் தொங்கும் இரண்டு பையன்களையும் பார்த்தால் வேறு என்னதான் தோன்றும்? ஆனாலும், கைதேர்ந்தவனைச் சாமானியனிடமிருந்து பிரித்து அறிய வேண்டுமானால், அவன் எங்கே எவ்வளவு ஆட்டம் விட்டு வைக்கிறான் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அடியோடு ஆட்டமற்ற வண்டி ஓடாது. ஆட்டம் மிகுந்த வண்டி ஓட வேண்டிய இடத்தில் ஓடாது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை அகலத்தில்தான் இந்த வித்தை வாசம் செய்கிறது.

முதலில் பட்டையைச் சொல்ல வேண்டும். நீளத்தில் படிப்படியாகக் குறுகிக்கொண்டு போகும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் துளையிட்டு ஒரு சென்டர் போல்ட்டால் கோத்து, இரண்டு யு-போல்ட்டுகளால் அச்சோடு பிணைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மெயின் பட்டையின் இரு முனைகளும் சுருண்டு கண்ணாகி, ஒரு கண் சேஸோடு நிலையாகவும், மற்றது ஷாக்கிளில் ஊசலாடும்படியும் மாட்டப்பட்டிருக்கும். பாரம் ஏறும்போது வளைவு நிமிர்ந்து பட்டை நீளுமாகையால், அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கவே இந்த ஊசல். அடுக்கின் வடிவத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. வளைக்கும் விசை நடுவில் அதிகம், முனைகளில் சொற்பம். ஆகவே எங்கே வேலை அதிகமோ அங்கே எஃகும் அதிகம், எங்கே வேலை இல்லையோ அங்கே எஃகும் இல்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் துள்ளலும் ஓரளவு தானாகவே அடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒபதையா எலியட் என்ற லண்டன் நகரத்து வண்டி கட்டுபவர் குதிரைக் கோச்சுகளுக்குப் பொருத்திய வில்லின் வம்சம் இது. 1948-ல் அசோக் மோட்டார்ஸாக ஆரம்பித்து 1955-ல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறிய எண்ணூர்த் தொழிற்சாலையின் வண்டிகள் ஆனாலும் சரி, 1954-ல் பென்ஸ் கம்பெனியின் கூட்டுறவோடு ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்த டாட்டா வண்டிகள் ஆனாலும் சரி, இந்த வில்லின்மேல்தான் நம் தேசத்து அரிசியையும் சிமென்டையும் சுமந்தன.

ஆனால் வில்லின் அழகு அடுக்கில் மட்டும் இல்லை. கட்டைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள்: கீழே இருக்கும் குட்டைப் பட்டைகளுக்கு, மேலே இருக்கும் நெட்டைப் பட்டைகளைவிட வளைவு சற்றுக் கூடுதலாக இருக்கும். சும்மா ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் முனைகள் தொடும், நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். அறியாதவன் இதைக் கோணல் என்று நினைத்துத் தட்டி நேராக்கப் பார்ப்பான். அறிந்தவனுக்கோ அந்த இடைவெளிதான் பிராணன். சென்டர் போல்ட்டைப் போட்டு முறுக்கும்போது இடைவெளி மூடிக்கொள்ள, குட்டைப் பட்டைகள் தம் முனைகளால் மெயின் பட்டையை மேல்நோக்கி உந்தி, பாரம் எந்தத் திக்கில் அதை வளைக்குமோ அதற்கு நேர் எதிர்த் திக்கில் முன்கூட்டியே வளைத்து வைத்துவிடுகின்றன. பிற்பாடு பத்து டன் ஏறும்போது, பிரேக்கின் இழுப்பையும் திருப்பத்தின் ஒதுக்கையும் சேர்த்துத் தாங்க வேண்டிய மெயின் பட்டைக்கு, வரவிருக்கும் துன்பத்தில் ஒரு பங்கு முன்னமே கழிந்துவிட்டிருக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைப் பழைய மேஸ்திரிகள் கண்ணாலேயே நிதானித்தார்கள். பட்டையை உயர்த்தி விளிம்போடு பார்வையை ஓட்டி, “இன்னும் ஒரு நூல் எடு” என்று சொன்னால், பையன் ஒரு நூல்தான் எடுப்பான்.

எடுப்பது சம்மட்டியால். இதில் இரண்டு மார்க்கங்கள் உண்டு. உலையில் பட்டையைச் சுமார் 850 டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சி, வேண்டிய வடிவுக்கு வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடியும் 450-லிருந்து 500 டிகிரி வரை மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்துவது ஒன்று. முதல் சூடு வளைய வைக்கிறது, எண்ணெய் கடினமாக்குகிறது, இரண்டாம் சூடு, கண்ணாடிபோல் உடைந்துவிடக்கூடிய அந்தக் கடினத்துக்குள் கொஞ்சம் பொறுமையைப் புகுத்துகிறது. மற்றது, குளிர்ந்த பட்டையை அப்படியே குழிவான இரும்புக் கட்டைமேல் வைத்து, ஒரு விரற்கடை நகர்த்தி ஓர் அடி, மறுபடியும் ஒரு விரற்கடை நகர்த்தி ஓர் அடி என்று முனை வரைக்கும் போய்த் திரும்புவது. சாலையோரத்தில் அநேகமாக நடப்பது இரண்டாவதுதான். அதன் தாளம் செவிக்கு இன்பமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இப்படிக் குளிரடியாக எடுத்த வளைவு சில லோடுகளிலேயே தொய்ந்துவிடும் சுபாவமுடையது என்பதையும், பாரத்தில் இழுபடும் முகத்தின்மேல் சம்மட்டி பதித்துவிட்டுப் போன ஒவ்வொரு தழும்பும் நாளைய விரிசலுக்கு வித்து என்பதையும் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது.

உடைந்த பட்டையை வாசிப்பது தனிக் கலை. முறிந்த வாயில் ஒரு பாகம் கறுத்தும் துருவேறியும், அலை அலையாகக் கோடு படிந்தும் இருக்கும். மிச்சப் பாகம் பளிச்சென்று புதிதாக மினுங்கும். கறுத்த பாகம், விரிசல் பல நாளாக யாருக்கும் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்த காலம். மினுங்கும் பாகம், தொப்பூர்க் கணவாயிலோ வேறெங்கோ ஒரு பள்ளத்தில் விழுந்த க்ஷணம். முறிவு சென்டர் போல்ட் துளையில் விழுந்திருந்தால், நல்ல மேஸ்திரி பட்டையைக் குறை சொல்ல மாட்டார், யு-போல்ட்டைத்தான் பார்ப்பார். யு-போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை பட்டையின் நடுப்பாகம் வளையவே வளையாது, துளையால் பலவீனப்பட்ட அந்த இடம் சௌக்கியமாக உறங்கும். யு-போல்ட் தளர்ந்தால் துளை விழித்துக்கொள்கிறது. சென்டர் போல்ட்டே அறுந்துவிட்டாலோ, அச்சு தன் ஸ்தானத்தைவிட்டுப் பின்வாங்கி, வண்டி நண்டைப்போல் ஒருக்களித்து நடக்கத் தொடங்கும்.

இனி, பட்டை சேர்க்கிற விவகாரம். “முன்னாடி ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுருங்க மேஸ்திரி, முதலாளி சொல்லிட்டாருங்க” என்று டிரைவர் வந்து நிற்பது நித்தியக் காட்சி. “வண்டிக்குப் போடறதா, முதலாளிக்குப் போடறதா தம்பி?” என்பது இதற்குரிய பதில். 2018-ல் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை அரசாங்கம் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் அதற்கு மேல் ஏற்றும் ஆசையும் கூடவே உயர்வது லோக சுபாவம். பட்டை கூடினால் வில் விறைக்கும். வில் வாங்க மறுத்த அதிர்ச்சியை சேஸும் டயரும் டிரைவரின் இடுப்பும் வாங்கிக்கொள்ளும். இதுவும் போதாதென்று, முன்பக்கத்தில் உயரம் மாறினால் ஸ்டியரிங்கும் கெடும். அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து, திசை திருப்பும் விஷயம். நம் கோயில் தேருக்குத் திசை திருப்பும் உறுப்பு கிடையாது. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையையும் சறுக்குக்கட்டையையும் கொடுத்து, அந்த மகா பாரத்தை அங்குலம் அங்குலமாக வீதி மூலையில் திருப்புகிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பின்னும் கட்டை போடுகிறவரின் அதிகாரம் குறையவில்லை. திருப்பத்தில் உள்சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் போக வேண்டியிருக்கிறது என்பதே இதிலுள்ள பிரச்னை. முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி முளையில் சுழன்று, உள்சக்கரம் கொஞ்சம் அதிகமாகவும் வெளிச்சக்கரம் கொஞ்சம் குறைவாகவும் திரும்பும்படி அமைத்தால் இரண்டும் இழுபடாமல் உருளும் என்று கண்டவர் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர். 1818-ல் லண்டனில் அவருக்காகக் காப்புரிமை பதிவு செய்த ஆக்கர்மான் ஒரு சித்திரப் பதிப்பாளர். உலகம் அந்த ஏற்பாட்டை இன்றளவும் பதிவு செய்தவர் பெயராலேயே அழைக்கிறது. தச்சர்களுக்கு இப்படி நேர்வது அபூர்வமல்ல.

அந்த முளைதான் கிங் பின். லாரியின் முன்னச்சுக் கண்ணில் அசையாமல் நிற்கும் உருண்டை எஃகு. அதைச் சுற்றி, மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு புஷ்கள். பாரத்தைத் தாங்க அடியில் ஒரு பேரிங். இது தேய்ந்துவிட்டதா என்று பார்க்கும் முறையே ஒரு ரசமான விஷயம். அச்சை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்கிறார்கள். ஆட்டம் தெரிகிறது; ஆனால் அது சக்கர பேரிங்கின் ஆட்டமா, கிங் பின்னின் ஆட்டமா? கேபினில் உட்கார்ந்திருக்கும் பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்கிறார் மேஸ்திரி. பிரேக் பிடித்ததும் சக்கரமும் அதைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலும் ஒரே கட்டையாகிவிடுவதால், பேரிங்கின் ஆட்டம் மறைந்துபோகும். அதற்குப் பிறகும் அசைந்தால் அது கிங் பின்தான். ஒரு மிதியில் இரண்டு சந்தேகங்களைப் பிரித்துவிடும் இந்த யுக்தியைத் தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள் வந்து பார்க்கலாம்.

புது புஷ்ஷை அடித்து இறக்கிய பின் ரீமர் போடும் கட்டம் வருகிறது. மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் ஒரே நீண்ட ரீமரால், ஒரே நேர்கோட்டில், இழை இழையாகச் சுரண்ட வேண்டும். அவசரக்காரன் கொஞ்சம் அழுத்திச் சுற்றினால் துளை வாய் அகன்றுவிடும். அகன்றதைச் சுருக்க வழியில்லை, புஷ்ஷைத் தூக்கி எறிய வேண்டியதுதான். நிதானக்காரன் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ரீமரை எடுத்து, துணியால் துடைத்து, கிங் பின்னில் எண்ணெய் தடவி விட்டுப் பார்க்கிறான். சுத்தியலால் தட்டினால்தான் இறங்கும் என்றால் போதாது. தன் எடையிலேயே விழுந்தால் அதிகம். கட்டைவிரலின் அழுத்தத்துக்குத் தயங்கி, பிறகு சம்மதித்து இறங்குகிறதே, அந்தத் தயக்கத்தின் அளவை விரல்தான் அறியும். இந்தத் தொழிலின் ஸௌந்தர்யம் முழுவதையும் ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் நான் அந்தக் கட்டைவிரலைக் காட்டுவேன். புஷ்ஷில் இருக்கும் கிரீஸ் துவாரம் ஸ்டப் ஆக்சிலின் துவாரத்துக்கு நேராக அமைந்திருக்கிறதா என்பதும் அப்போதே பார்க்க வேண்டியது. பார்க்கத் தவறினால் எத்தனை கன் கிரீஸ் அடித்தாலும் கிங் பின் தாகத்தோடுதான் இருக்கும்.

ஸ்டியரிங் பாக்ஸில் அதிகக் கெடுதல் செய்வது ஆர்வம். ஆட்டம் என்றதும் மேலே இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்குரூவை முறுக்கிவிடுகிறார்கள். வண்டி நேராக ஓடும் நேரமே அதிகமாகையால், பற்கள் தேய்வது நடு ஸ்தானத்தில். தேய்ந்த நடுவுக்கு ஏற்ப இறுக்கினால், தேயாத ஓரங்களில் பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நேர்ச் சாலையில் அருமையாக இருக்கும் அந்த வண்டி, வளைவில் திருப்பிய பின் சக்கரத்தைத் திரும்ப விடாது. பவர் ஸ்டியரிங் வந்த பிறகு இவ்வளவையும் எண்ணெயின் அழுத்தம் மூடி மறைத்துவிடுகிறது. டிரைவரின் தோள் பிழைத்தது, சந்தேகமில்லை. அந்தத் தோள் முன்பெல்லாம் கொண்டுவந்து சொன்ன சமாசாரங்கள் நின்றுபோயின.

இரண்டு வித்தைகளும் சந்திக்கும் இடத்தைச் சொல்வதாகச் சொன்னேன். பட்டை மேலும் கீழும் போகையில் அச்சு ஒரு வில்கோட்டில் நகர்கிறது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு வரும் டிராக் லிங்க்கின் முனை தனக்கென்று ஒரு வில்கோட்டில் நகர்கிறது. இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று அனுசரித்துப் போகும்படி வண்டியைச் செய்தவர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். மேஸ்திரி இரண்டு பட்டையைச் சேர்த்து முன்பக்கத்தை உயர்த்தினால் அந்தக் கணக்கு பிறழ்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் டிரைவர் திருப்பாமலே சக்கரம் கொஞ்சம் திரும்பும். பட்டைக்கும் அச்சுக்கும் இடையே வைக்கும் ஆப்பை முன்பின் மாற்றிப் போட்டாலோ, கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டிய கோணம் குறைந்து, வண்டி தானாக நேருக்கு வரும் குணத்தை இழந்து சாலையெங்கும் மேயும். பட்டைக்காரர் தம் வேலை நன்று என்பார். ஸ்டியரிங்காரர் தம் வேலை நன்று என்பார். வண்டி இருவரையும் பொய்யாக்கும். ஆகையால், பட்டைக் கட்டை ஏற்றி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடாமல், குனிந்து டிராக் லிங்க்கின் சாய்வை ஒரு தரம் பார்க்கிறவரே என் கணக்கில் வித்துவான்.

அலைன்மென்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் வந்து அந்த வேலையைக் கௌரவமாகச் செய்கிறது. டை ராடின் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. குழாயைத் திருகினால் இரண்டு பக்கமும் ஒன்றாக நீளும் அல்லது ஒன்றாகக் குறுகும். முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட ஓரிரு மில்லிமீட்டர் நெருங்கியிருக்க வேண்டும், டோ என்பது அவ்வளவே. ஆனால் டயரின் முகத்தில் உள்ளங்கையை ஒரு திக்கில் தடவி வழவழப்பையும், எதிர்த் திக்கில் தடவி ரம்பப் பல்லையும் உணர்ந்து, மெஷினில் ஏற்றும் முன்பே “டோ தப்பு” என்று சொல்லிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெஷின் அதை ஊர்ஜிதம் செய்கிறது.

வேலை முடிந்து வண்டி கிளம்பும்போது மேஸ்திரி தவறாமல் ஒன்று சொல்வார்: “லோடு ஏத்தி ஒரு நடை போயிட்டு வந்து யு-போல்ட்டை இன்னொருக்கா முறுக்கிக்கிட்டுப் போ, தம்பி. காசு வேண்டாம்.” புதிதாகக் கட்டிய பட்டைகள் பாரத்தில் ஒன்றோடொன்று படிந்து அமர, யு-போல்ட் தானாகவே கொஞ்சம் தளரும் என்பது அவருக்குத் தெரியும். டிரைவர் தலையாட்டுவார். திரும்பி வருகிறவர்கள் சொற்பம். வராதவர்களும் வருவார்கள், சில மாதம் கழித்து, சென்டர் போல்ட் துளையில் முறிந்த மெயின் பட்டையோடு; அப்போது காசு உண்டு.