அமைச்சரின் பட்டியல்

"பணம் கொடுத்தால் பிள்ளை பெறத்தானே செய்வாள்?"

ஆசிரியர் அறையில் அண்மையில் நான் கேட்ட சொல் இது. சொன்னவர் எழுத்தறியாதவர் அல்லர். ஏடு படிப்பவர்; மாணவருக்கு எண்ணும் எழுத்தும் புகட்டுபவர்; அகவையில் எனக்கு மூத்தவர். பிரிட்டனில் மணமாகாத இளம்பெண், கருவுற்றிருக்கும் காலத்திலேயே அரசிடம் உதவித்தொகை கேட்டுப் பெறலாம் என்ற செய்தியைப் படித்தார். படித்த உடனே பிறந்தது இந்தத் தீர்ப்பு. அறையில் இருந்தோர் நகைத்தனர். நான் நகைக்கவில்லை; ஆனால், மறுமொழியும் கூறவில்லை. அன்று கூறத் தவறியதை இன்று எழுதுகிறேன்.

அந்தத் தீர்ப்பு அவர் சொந்தமாகக் கண்டதன்று. அதற்கு ஊர் உண்டு, பேர் உண்டு, மெட்டும் உண்டு!

1992-ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள். பிரைட்டன் நகரில் கன்சர்வேட்டிவ் கட்சியின் மாநாடு. சமூகப் பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் லில்லி மேடை ஏறினார். ஏழை எளியோருக்கான உதவித் துறை முழுவதும் அவர் கையில். என்ன திட்டம் அறிவிப்பார் என்று நாடு நோக்கியிருந்தது. அமைச்சரோ ஒரு பாட்டை அவிழ்த்துவிட்டார். தம்மிடம் ஒரு பட்டியல் இருக்கிறதாம். உதவித்தொகையை ஏமாற்றிப் பெறுவோர் பெயர்களெல்லாம் அதில் இருக்கின்றனவாம். வீட்டு வரிசையில் முந்திக்கொள்வதற்கென்றே கருவுறும் இளம்பெண்களுக்கும் அந்தப் பட்டியலில் இடம் தந்தார். பெற்ற பிள்ளைகளைப் பேணாத தந்தையரையும் ஒரு வரியில் தொட்டார் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் நாட்டின் நினைவில் தங்கிவிட்டவள் யார்? அந்த இளம்பெண்தான்! மாநாடு கைதட்டியது.

அமைச்சர் பாட்டெழுதினால், அதைப் பாட்டாகவே திறனாய்வது முறை. அந்த மெட்டு அவருடையதன்று; 1885-இல் இலண்டனில் அரங்கேறிய 'தி மிகாடோ' என்னும் இசைநாடகத்திலிருந்து கடன் வாங்கியது. கில்பர்ட் எழுத, சல்லிவன் இசையமைத்த அந்த நாடகத்தில் பட்டியல் பாடுபவன் யார் தெரியுமா? கோ-கோ என்னும் கொலைத் தண்டனைத் தலைவன். தலை போனாலும் யாரும் தேடமாட்டார்கள் என்று தான் கருதும் மனிதர்களை அவன் எண்ணிக்கொண்டு போகிறான். அதிலும் ஒரு வேடிக்கை: அவனே முன்பு தையற்காரன்; பெண்ணிடம் சரசமாடிய குற்றத்திற்காகத் தலை வெட்டப்பட இருந்தவன்; வெட்டப்பட வேண்டியவனையே வெட்டுபவனாக்கி அமர்த்தியது அந்த ஊர். அதிகாரத்தில் அமர்ந்தவன் பிறர் தலையைக் கணக்கெடுக்கும் பேதைமையை எள்ளுவதற்காகக் கில்பர்ட் எழுதினார். அமைச்சர் எள்ளலை எறிந்துவிட்டார், பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டார். கொலைத் தண்டனைத் தலைவனின் பாட்டை, ஏழைகளைக் காக்க அமர்ந்தவர் பாடுவதா? அவையில் ஒருவருக்கும் இது உறுத்தவில்லை.

பாட்டின் பொருளைப் பார்ப்போம். 1977-இல் பிரிட்டன் இயற்றிய வீடற்றோர் சட்டம், கருவுற்ற பெண் வீடின்றி நின்றால் அவளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றது. பிறக்கப்போகும் குழந்தை தெருவில் பிறக்கலாகாது என்பது அதன் நோக்கம். முன்னுரிமை இருப்பதால்தான் கருவுறுகிறாள் என்பது அமைச்சர் கூற்று. வரிசை ஏன் நீண்டது என்று அவர் பாடினாரா? 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகராட்சி வீடுகளைக் குடியிருப்போருக்கே விற்றார்கள். அந்தப் பாட்டு ஒலிக்கும் முன்பே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் விற்றுத் தீர்ந்தன. விற்ற பணத்தின் பெரும்பகுதியைக் கொண்டு மாற்று வீடு கட்டவும் நகராட்சிகளுக்குத் தடை. இருந்த வீட்டை விற்றவர்கள், இல்லாத வீட்டின் முன் நின்றவளைத் திருடி என்றார்கள்!

பழியும் புதிதன்று. 1834-இல் வந்த ஏழையர் சட்டம், மணமாகாமல் பிறந்த குழந்தையின் பொறுப்பு முழுவதையும் தாயின் தலையில் சுமத்தியது. தந்தை விடுதலை பெற்றான். உதவி கிடைப்பதால்தான் ஒழுக்கம் கெடுகிறது என்பதே அன்றும் சொன்ன நியாயம். வழியற்றவள் ஏழையர் விடுதியின் வாயிலில் நின்றாள். கொடுமை பொறுக்காமல் 1844-இல் அந்த விதியைத் திருத்தினார்கள். தந்தைமீது வழக்குத் தொடுக்கும் உரிமை தாய்க்குக் கிடைத்தது. சட்டம் திருந்தியது, சட்டம் விதைத்த எண்ணம் திருந்தவில்லை. 158 ஆண்டுகள் கழித்து அது மேடையேறிப் பாடியது.

அமைச்சரின் பாட்டுக்கு 34 ஆண்டுகள் முன்பே மறுப்பு ஒன்று எழுதப்பட்டுவிட்டது. எழுதியவள் பத்தொன்பது வயதுப் பெண். சால்ஃபோர்டு என்னும் ஆலை நகரில் தொழிலாளர் குடியில் பிறந்த ஷீலா டெலானி. நாடகத்தின் பெயர் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி'. தேனின் சுவை என்று பொருள். 1958 மே 27 அன்று இலண்டன் ஸ்டிராட்ஃபோர்டு ஈஸ்ட் அரங்கில், ஜோன் லிட்டில்வுட் அம்மையாரின் குழு அதை மேடையேற்றியது. 1961-இல் திரைப்படமாகவும் வந்தது.

கதை எளியது. ஜோ பள்ளி மாணவி. தாய் ஹெலன் மதுவிலும் ஆண்களிடமும் வாழ்வைத் தேடுபவள். வாடகை அறைக்கு வாடகை அறை மாறுவதே அவர்கள் வாழ்க்கை. பணமுள்ள ஒருவன் கிடைத்ததும் ஹெலன் மகளை விட்டுவிட்டுப் போகிறாள். தனித்து நின்ற ஜோவுக்கு அன்பு காட்டியவன் கறுப்பினக் கடலோடி ஒருவன். மணப்பதாகச் சொல்லி மோதிரமும் தருகிறான். கப்பல் ஏறிப் போய்விடுகிறான். ஜோ கருவுறுகிறாள். பகலில் செருப்புக் கடையிலும் இரவில் மதுக்கடையிலும் உழைத்து வாடகை கட்டுகிறாள்.

எங்கே அந்த வஞ்சகி? எங்கே அந்தக் கணக்கு? வரிசையில் முந்தத் திட்டமிட்டவளை இந்த நாடகத்தில் தேடினேன்; காணோம். கண்டது தாயன்பு கிட்டாத ஒரு சிறுமியை. தாயாகப் போவதை எண்ணி அவள் அஞ்சுகிறாள், சினக்கிறாள், பொம்மையைத் தூக்கி எறிகிறாள். டெலானி அவளைத் தெய்வமாக்கவில்லை. கண்ணீர் வடிக்கும் கண்ணகியாக்கவில்லை. நாக்கில் நஞ்சும் நகைச்சுவையும் கலந்த உயிருள்ள பெண்ணாக உலவவிட்டாள். ஏழையை நல்லவளாகக் காட்டினால்தான் இரங்குவோம் என்னும் மேட்டுக்குடி மனத்திற்கு அந்தப் பெண் தந்த அறை அது. உதவி பெறுவதற்கு உத்தமியாக இருக்கவேண்டும் என்று எந்த அறம் சொல்கிறது?

நாடகத்தின் உயிர் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. ஜோவுக்குத் துணையாக வருகிறான் ஜெஃப் என்னும் கலைக்கல்லூரி மாணவன். ஆணை விரும்பும் ஆண் என்பதால் குடியிருந்த இடத்திலிருந்து துரத்தப்பட்டவன். ஊர் ஒதுக்கிய அவன்தான் ஊர் பழித்த அவளுக்குச் சமைக்கிறான், வீடு கூட்டுகிறான், பிறக்கப்போகும் குழந்தைக்குத் துணி தைக்கிறான், தொட்டில் கொண்டுவருகிறான். ஒழுக்கம் பேசிய உலகம் ஒரு குவளைத் தேநீர் கூடத் தரவில்லை.

ஆனால், முடிவு? கணவன் கைவிட்டதும் ஹெலன் திரும்பி வருகிறாள், ஜெஃபை விரட்டுகிறாள். பிறக்கும் குழந்தை கறுப்பாக இருக்கலாம் என்று கேட்டதும் குடிக்கப் போய்விடுகிறாள். வலி தொடங்கிய நேரத்தில் ஜோ தனியே நிற்கிறாள். திரை விழுகிறது.

இங்கேதான் நாடகத்தின் வலிவும் மெலிவும் ஒருங்கே தெரிகின்றன. 1948-இல் பிரிட்டன் தேசிய உதவிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பத்தாண்டுகள் கழித்து எழுதிய இந்த நாடகத்தில் அந்த அரசு ஒரு காட்சியிலும் நம் கண்முன் நிற்கவில்லை. ஜோவுக்கு இருந்த பாதுகாப்பெல்லாம் ஜெஃபின் நல்ல உள்ளம். நல்ல உள்ளத்தை ஒரு குடிகாரத் தாய் ஒரே வசவில் வாசலுக்கு வெளியே தள்ளிவிட முடிந்தது! கருணை பெரிது, அதைப் பழிப்பவன் அல்லேன். ஆனால் கருணைக்குக் கதவு உண்டு, யாரும் சாத்தலாம். சாத்த முடியாதபடி சட்டம் போட்டு வைப்பதற்குத்தான் உரிமை என்று பெயர். டெலானி இதை எடுத்துச் சொல்லவில்லை. அவள் விட்ட திரை சொல்கிறது.

சட்டம் இருந்தால் போதுமா என்று கேட்கிறது மற்றொரு படைப்பு. பால் லாவர்ட்டி எழுத, கென் லோச் இயக்கிய 'ஐ, டேனியல் பிளேக்' என்னும் திரைப்படம் 2016-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. அதில் வரும் கேட்டி இரு குழந்தைகளின் தனித்த தாய். இலண்டனில் வீடு கிட்டாமல் நியூகாசில் நகருக்கு அனுப்பப்படுகிறாள். புது ஊர், பேருந்து மாறி ஏறினாள், உதவி அலுவலகத்துக்குச் சற்றுத் தாமதமாக வந்தாள். தண்டனை: உதவித்தொகை நிறுத்தம்! குழந்தைகளுக்கு ஊட்டிவிட்டுத் தான் பட்டினி கிடந்தவள், உணவு வங்கியில் நின்ற இடத்திலேயே தகர டப்பாவைத் திறந்து கையால் அள்ளி உண்கிறாள். உண்டதும் வெட்கித் தேம்புகிறாள். பசித்தவள் வெட்கப்படுகிறாள், பசிக்க வைத்தவர் வெட்கப்படவில்லை. சட்டம் தந்த உரிமையை, அலுவலக மேசையில் பிச்சையாக்கிவிடலாம் என்பதை அந்த ஒரு காட்சி உணர்த்துகிறது.

இவை கற்பனை என்பார் நண்பர். கணக்கைக் கேட்கட்டும்! 2013-இல் பிரிட்டன் மக்களிடம் ஒரு கருத்தாய்வு நடந்தது. ஆண்டுதோறும் 16 வயதுக்குட்பட்ட சிறுமியரில் எத்தனை பேர் கருவுறுகிறார்கள் என்று கேட்டார்கள். மக்கள் சொன்ன சராசரி விடை 100-க்கு 15. அரசுக் கணக்கோ 100-க்கு 0.6. இருபத்தைந்து மடங்குப் பழி! உதவித்தொகையில் ஏமாற்றிப் பெறுவது 100 பவுண்டுக்கு 24 பவுண்டு என்று எண்ணினார்கள். அரசு மதிப்பீடு 70 பென்ஸ். பட்டியல் பாட்டுகள் மூளைக்குள் என்ன செய்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு கணக்கு. இங்கிலாந்தில் 1998-இல் 15 முதல் 17 வயது வரையிலான பெண்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 47 பேர் கருவுற்றனர். 2014-இல் அது ஏறத்தாழ 23 ஆனது. இடையில் உதவித்தொகை ஒழிக்கப்பட்டதா? இல்லை. 1999-இல் தொடங்கிய அரசுத் திட்டம் பள்ளியில் பாலியல் கல்வியையும், கருத்தடைக்கான வழிகளையும், இளந்தாய்மார்க்குத் துணையையும் வளர்த்தது. பழியால் குறையாத எண்ணிக்கை, படிப்பு வளர்ந்த காலத்தில் பாதியாயிற்று.

அவள் பெறும் செல்வம்தான் என்ன? இங்கிலாந்தில் முதற்குழந்தைக்குத் தரும் மகப்பேற்று நிதி ஒருமுறை 500 பவுண்டு; 2002 முதல் அந்தத் தொகை உயரவே இல்லை. முன்பு 18 வயது நிரம்பிய தனித்த தாய்க்கு முழுத்தொகை உண்டு. 2013 முதல் வந்த புதிய முறையில், 25 வயது நிரம்பாதவள் தாயானாலும் குறைந்த தொகைதான். 2024-25-ஆம் ஆண்டில் மூத்தவளுக்கு மாதம் 393 பவுண்டு அடிப்படை, இளையவளுக்கு 311. இளையவள் குழந்தை பால் குறைவாகக் குடிக்குமா? இதைப் பெறுவதற்காக ஒருத்தி பத்துத் திங்கள் சுமப்பாள் என்று நம்புவதற்கு மூடநம்பிக்கை என்றல்லாமல் வேறென்ன பெயர்?

கடல்கடந்த கதை என்று நாம் கைகழுவ முடியாது. தமிழகத்தில் 1987-இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் ஏழைத் தாய்மார்க்கு மகப்பேற்று உதவி தொடங்கியது. பணம் கொடுத்ததால் பிள்ளை பெருகிற்றா? ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1992-93-இல் 2.5 ஆக இருந்த பிறப்பு, 2019-21-இல் 1.8 ஆகக் குறைந்தது. நம் நடுவணரசு 2017-இல் தொடங்கிய மகப்பேற்று உதவித் திட்டமோ, கணவரின் ஆதார் விவரத்தையும் கேட்டது. கணவன் இல்லாதவள், கைவிடப்பட்டவள், மணமாகாதவள் எங்கே போவாள்? 2022-இல்தான் அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள். விதி போயிற்று. விதியை எழுதிய மனம், "புருஷன் பேர் என்ன?" என்று கேட்கும் நாக்குகளில் இன்னும் குடியிருக்கிறது.

நண்பரே, கோபம் வேண்டாம். அந்த அறையில் உம் சொல் கேட்டு நகைத்தவர்களில் நம் மாணவர்களின் தாயோ தமக்கையோ இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டீர். நம் வகுப்பிலிருந்து நாளை ஒருத்தி கருவுற்று, யாருமின்றி, ஒரு விண்ணப்பத்தாளுடன் அலுவலக வாயிலில் நிற்கக்கூடும். நம்மிடம் கையொப்பம் கேட்டு வரவும் கூடும். அன்று நம் சட்டைப்பையில் அமைச்சரின் பட்டியல் இருக்கலாகாது. பேனா இருக்கட்டும்.