கானெஸ்டோகா வண்டி: அடிக்கு ஓர் அங்குலம்

பென்ஸில்வேனியாவின் லங்காஸ்டர் பிரதேசத்தில் குடியேறிய ஜெர்மானிய விவசாயிகளுக்காக அவ்வூர்த் தச்சர்களும் கொல்லர்களும் பதினெட்டாம் நூற்றாண்டில் உருவாக்கி, அங்கே ஓடும் கானெஸ்டோகா ஆற்றின் பெயரால் வழங்கிவரும் பெரும் பார வண்டியை, ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற பிரமாணத்தில் மரத்தாலேயே செய்து பார்க்க உதவும் கிட் ஒன்றை முழுவதும் கட்டி முடித்தபின் இந்த அபிப்பிராயத்தை எழுதுகிறேன். லேசரால் வெட்டிய மெல்லிய மரப் பலகைகள், வார்ப்பு உலோக உறுப்புகள், பித்தளைக் கம்பிகள், கூண்டுக்கான துணி, பெரிய தாள்களில் அச்சிட்ட வரைபடங்கள் ஆகியவை பெட்டிக்குள் இருக்கின்றன. வரைபடங்கள் மிகத் தெளிவானவை. ஓர் உறுப்பை அளந்து பார்க்க விரும்புகிறவன் தாளின்மேலேயே அதை வைத்துப் பார்க்கலாம்.

அலமாரியில் வைக்கும் அலங்காரப் பொருளாக மட்டும் இதைக் கருதுகிறவர்களுக்கு என் விமர்சனம் அளவுக்கு மீறிக் கண்டிப்பானதாகத் தோன்றக்கூடும். ஆனால் அந்த வண்டியின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருந்தது என்பதையும், அக்காரணத்தைக் கை வழியாக அறிந்துகொள்வதே மாதிரி செய்வதன் பிரதான பயன் என்பதையும் நான் உறுதியாக நம்புகிறேன். ஆகையால் பெட்டியின் யோக்கியதையை அந்த அளவுகோலால்தான் நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது.

வண்டியின் உடலைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடு பள்ளம் நிறைந்த மலைப்பாதைகளில் மாவுப் பீப்பாய்களும் தானிய மூட்டைகளும் முன்னும் பின்னும் சரிந்து கதவுப் பலகையை உடைத்துவிடாதபடி, தச்சர்கள் அடித்தளத்தை நடுவில் தாழ்த்தி இருமுனைகளிலும் உயர்த்தி அமைத்தார்கள். பெட்டியில் அந்த வளைவு அடிச்சட்டங்களிலேயே வெட்டப்பட்டிருப்பதால், பலகைகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனால் தளம் தானாகவே தன் வடிவத்தை அடைந்துவிடுகிறது. லேசர் கருக்கிய ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து நீக்கும் சிரத்தை மட்டும் வேண்டும். கரி படிந்த ஓரத்தில் பசை சரியாகப் பிடிப்பதில்லை.

ஆயினும் இவ்வண்டியின் உயிர் சக்கரத்தில் இருக்கிறது. குடத்திலிருந்து புறப்படும் ஆரக்கால்கள் வெளிப்புறமாகச் சற்றே சாய்ந்து செல்வதால், சக்கரம் ஆழமில்லாத தாம்பாளத்தைப் போலக் குழிந்திருக்கும்; அச்சின் முனைகளும் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால், பாரத்தைத் தாங்கும் அடி ஆரக்கால் மட்டும் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். சுமை பக்கவாட்டில் ஆடிக் குடத்தை வெளியே தள்ளும்போதெல்லாம், விரிய முயலும் ஆரக்கால்கள் வட்டையின்மேல் இன்னும் இறுக்கமாக முட்டுமே தவிரக் கழன்று போவதில்லை. அந்த வட்டையோ வளைந்த துண்டுகள் பலவற்றைச் சேர்த்துச் செய்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை அதன்மேல் ஏற்றி நீர் ஊற்றியவுடன், பட்டை சுருங்கி எல்லா இணைப்புகளையும் ஒருசேர நெருக்கிவிடும். மரத்தின் சுபாவத்தையும் இரும்பின் சுபாவத்தையும் இவ்வளவு நுட்பமாக ஒன்றுக்கொன்று துணையாக்கிய சாமர்த்தியத்தை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே பக்தி உண்டாகிறது.

இந்த இடத்தில்தான் பெட்டி நம்மைக் கைவிடுகிறது. வட்டை ஒரே வளையமாகத் தட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. ஆரக்கால்களும் நேராகவே பொருந்தும்படி அமைந்திருக்கின்றன. குறிப்பேட்டின்படி செய்தால் கிடைப்பது ஏதோ ஒரு வண்டிச் சக்கரமேயன்றிக் கானெஸ்டோகாவின் சக்கரமாகாது. பரிகாரம் கடினமன்று: வட்டையைச் சுற்றிலும் அட்டைத் துண்டுகளை அடுக்கிச் சில மில்லிமீட்டர் உயர்த்தி, குடத்தை மட்டும் மேஜைமட்டத்தில் நிறுத்தி, துளைகளை மெல்லிய அரத்தால் சாய்வாக விரித்தபின் ஆரக்கால்களைச் சாமணத்தால் எதிரெதிராக இரண்டிரண்டாய்ப் பொருத்த வேண்டும். வெள்ளைப் பசை நிதானமாக உலர்வதால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. வட்டைத் துண்டுகளின் இணைப்புகளைக் கத்திமுனையால் கீறிக் காட்டிவிட்டால், கறுப்பேற்றிய பித்தளைப் பட்டைக்குக் கீழே அவை நன்றாகவே தோன்றுகின்றன.

கூண்டுத் துணியும் திருப்தியளிக்கவில்லை. இச்சிறிய பிரமாணத்தில் அதன் இழை கோணிபோல் தடித்துத் தெரிகிறது. நன்றாகத் துவைத்து நைந்த மல் துணி மேலானது. வர்ணம் பூசும் விஷயத்தில் ஒரு யோசனை: உடலுக்கு நீலம், அச்சும் சக்கரமும் சேர்ந்த அடிப்பகுதிக்குச் சிவப்பு என்பது சம்பிரதாயம், ஆகையால் இரண்டையும் தனித்தனியே பூசிவிட்டுப் பிறகு இணைப்பதே சௌகரியம். இடப்பக்கத்தில் ஓட்டுபவன் சற்றே உட்காருவதற்கு வெளியே இழுக்கும் பலகையை ஒட்டிவிடச் சொல்கிறார்கள். ஒட்டாமல் நகரும்படி விட்டேன். வண்டிக்குள் ஓட்டுபவனுக்கு ஆசனமே இல்லை. அவன் இடப்பக்கம் நடந்துவருவான், அல்லது இடப்பக்கத்துப் பின் குதிரையின்மேல் அமர்வான் என்பதை அந்தப் பலகையொன்றே விளக்கிவிடுகிறது.

1755-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தளபதி பிராடக்கின் படையெடுப்புக்காக பெஞ்சமின் பிராங்க்ளின் இரண்டே வாரங்களில் விவசாயிகளிடமிருந்து 150 வண்டிகளைத் திரட்டிக் கொடுத்தார். அந்த வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு டான் பெர்க்பைல் எழுதி ஸ்மித்ஸோனியன் 1959-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையை, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே படித்துவிடுவது உத்தமம். குறிப்பேடு மௌனமாயிருக்கும் பல இடங்களில் அது பேசுகிறது.

மர வேலையில் முன்பழக்கம் இல்லாதவர்கள் இதனிடம் முதலில் வரவேண்டாம். இரண்டு சக்கர வண்டி ஒன்றைக் கட்டிப் பழகியவர்கள் தயங்காமல் வாங்கலாம். பெட்டியில் குதிரைகள் கிடையா. ஆறு குதிரைகளைப் பூட்டிய முழு வண்டி ஏறக்குறைய 60 அடி நீண்டது என்பதால், தாமே குதிரைகளைச் செதுக்கிச் சேர்க்க உத்தேசிப்பவர்கள் முதலில் 5 அடி நீளமுள்ள பலகையொன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஏர்க்காலைத் தரையில் சாய்த்து வைத்தால் போதும்.